ஞாயிற்றுக்கிழமைக் கதவு

எங்கள் ஆலயத்துக்கு மூன்றே மூன்று படிகள். அவற்றைப் பற்றிப் பேச இரண்டு வருடத்தில் பதினேழு கூட்டம் நடந்தது. படிக்கு ஆறு வீதம் பதினெட்டு வந்திருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு டீ வராததால் ஒத்திவைத்துவிட்டார்கள்.

பேச்சுக்குக் காரணம் பாட்டு டீச்சர். முப்பது வருடம் பாடகர் குழுவைச் சுருதியில் நிறுத்தி வைத்தவர். பக்கவாதம் வந்து நடை போனது. சக்கர நாற்காலிக்கு வந்தார். முதல் ஞாயிறு நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். ஒருவருக்குக் கால் இடறியது. டீச்சர் விழவில்லை. ஆனால் கீழே வந்ததும் சொல்லிவிட்டார்: "நாலு பேர் என்னைத் தூக்கறது ஒரே ஒரு தடவை போதும். அது கடைசியில தானா வரும். அதுவரைக்கும் வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கறேன்."

சபை உருகிப்போனது. உருகினால் குழு அமைப்பது எங்கள் வழக்கம். 'அன்பின் சாய்தளப் பணிக்குழு' பிறந்தது. செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. தும்மினால்கூட வழிமொழிய ஆள் தேடுவார் என்பதால் எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் 'தீர்மானம்'. குழு முதல் வேலையாகக் கல்வெட்டைக் கையில் எடுத்தது. ஒன்பது உறுப்பினர்களின் பெயர் எந்த வரிசையில் வருவது என்பதற்கே ஐந்து கூட்டம் ஆனது. கல் வந்து இறங்கிவிட்டது. கறுப்புக் கல், பொன் எழுத்து. சாக்கு சுற்றி மதிலோரம் சாத்தி வைத்தார்கள். சாய்தளம் மட்டும்தான் பாக்கி.

தச்சர் எந்தக் குழுவிலும் இல்லை. கூட்டத்தில் பேச வராது அவருக்கு. ஒரு ஞாயிறு காலை, தலையில் ஒரு கதவோடு வந்தார். பின்முனையை மச்சான் பிடித்திருந்தார். கதவைப் படிகள்மேல் சாய்த்துப் போட்டார்கள். மச்சான் அடிமுனைக்குக் காலை முட்டுக்கொடுக்க, தச்சர் நாற்காலியைத் தள்ள, டீச்சர் இரண்டு வருடத்துக்குப் பிறகு உள்ளே போனார். அன்றைக்குப் பாடகர் குழு ஆரம்பித்த சுருதியிலேயே பாட்டை முடித்தது. ஆயரே ஆச்சரியப்பட்டார்.

அது தச்சர் வீட்டுக் குளியலறைக் கதவு. பட்டறையில் இருந்த பலகையெல்லாம் வாடிக்கையாளருடையது. வாசல் கதவில் பூ வேலைப்பாடு, சக்கரம் மாட்டிக்கொள்ளும். மிஞ்சியது இதுதான். கீலிலிருந்து ஆணிகளை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தூக்கி வந்துவிடுவார். அதனால் ஞாயிறு காலையில் அந்த வீட்டில் ஒரு சட்டம்: குளிக்கிறவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால்தான் அடுத்தவர் அந்தப் பக்கம் வரலாம்.

எட்டு வாரம் இப்படிப் போனது. ஒன்பதாவது வாரம் ஆராதனை முடிந்ததும் தீர்மானம் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "பரிசுத்த ஸ்தலத்தின் வாசலில் குளியலறைக் கதவு கிடப்பதைக் குழு ஆழ்ந்த வருத்தத்தோடு கவனத்தில் எடுத்துக்கொள்கிறது."

டீச்சர் பின்னால் இருந்ததை அவர் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

"யாரு வீட்டுக் குளியலறை?" என்றார் டீச்சர்.

தச்சர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. ஆணிகள் கிணுங்கின.

"இத்தனை வாரமா உன் வீட்டுப் பொம்பளைங்க..." டீச்சர் முடிக்கவில்லை. "இனிமே வேண்டாம் தம்பி. நான் வரல."

மறுநாள் தச்சர் மனைவி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"என்னம்மா, சமாதானம் பேச வந்தியா?"

"இல்ல டீச்சர், புகார் குடுக்க வந்தேன். கதவு இல்லாத அன்னிக்கு எங்க வீட்டுல பாடிக்கிட்டேதான் குளிக்கணும். என் மாமியாருக்கு ஒரே ஒரு வரிதான் தெரியும். அதுவும் தண்ணி மொள்ளும்போது ஒரு சுருதி, ஊத்தும்போது ஒரு சுருதி. பக்கத்து வீட்டு நாய் தெரு மாறிப் போயிடுச்சு."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "கூச்சமா இல்லையா உங்களுக்கெல்லாம்?"

"முத வாரம் இருந்துச்சு. அன்னிக்கு நீங்க உள்ள பாடினதைக் கேட்டேன். அப்புறம் இல்ல."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலன்னா கதவு வீட்டுலயே இருக்கும். அத்தை பாட்டை விட்டுடுவாங்க. இப்பத்தான் ரெண்டாவது வரிக்கு வந்திருக்காங்க."

"ரெண்டாவது வரியில எங்க இடறுறாங்க?"

"இடறாத இடம் எதுன்னு கேளுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவங்களை என்கிட்ட கூட்டிட்டு வா."

அந்த ஞாயிறு மழை பெய்து விட்டிருந்தது. மச்சானுக்குக் காய்ச்சல். கதவின் மறுமுனையைத் தச்சர் மனைவியே பிடித்து வந்து போட்டுவிட்டு, மாமியாரைக் கூட்டிவரத் திரும்பிப் போயிருந்தார். தச்சர் தனியாகத் தள்ளினார். நாற்காலி பாதி ஏறியபோது, ஈரத் தரையில் கதவின் அடிமுனை ஒரு விரற்கடை நழுவியது. பிறகு இன்னொன்று. டீச்சரின் விரல்கள் கைப்பிடியில் இறுகின. தச்சருக்கு இரண்டு கையும் நாற்காலியில்.

கீழே தீர்மானம் மட்டும்தான் நின்றார், கையில் கோப்போடு. ஆயரிடம் புகார் மனு கொடுக்க வந்தவர்.

"அய்யா," என்றார் தச்சர் மெதுவாக, "அந்தக் கல்லு."

தீர்மானம் இரண்டு பக்கமும் பார்த்தார். வழிமொழிய ஆள் இல்லை. கோப்பை ஈரத் தரையில் போட்டார். கல்லை இரண்டு கையாலும் இழுத்து வந்தார். சாக்கு கிழிந்தது.

"பேரு இருக்கற பக்கம் மேலயா?"

"கீழ வைங்கய்யா. எழுத்து வெட்டின பக்கம் தரையைப் பிடிச்சுக்கும்."

ஒன்பது பெயரையும் குப்புறப் போட்டு, கதவோடு ஒட்டி வைத்தார். அதுவும் போதாதென்று தன் பாலிஷ் போட்ட ஷூக் காலை அதன்மேல் ஊன்றினார். கதவு நின்றது. டீச்சர் உள்ளே போனார். ஆராதனை முடிந்து அவர் இறங்கும்வரை, யாரும் சொல்லாமலே தீர்மானம் அந்தக் காலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த பாட்டை வாசலில் நின்றே கேட்டார்.

பதினெட்டாவது கூட்டம் அந்த வாரமும் நடக்கவில்லை. செயலாளருக்கு இடுப்புப் பிடிப்பு.

அடுத்த ஞாயிறு காலை, மச்சான் பிடிக்கும் முனையைப் பிடிக்க அவரே தச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைக் கழற்றி முற்றத்தில் சாத்தியிருந்தது. உள்ளே மாமியார் பாடிக்கொண்டிருந்தார். தீர்மானம் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டாவது வரியும் முடியட்டும் என்று காத்திருந்தார்.