சித்திரை மலரில் வைத்தியின் எடை

2007 மார்ச்சில், ஹோலி முடிந்த வாரம், தில்லி ஆர்.கே.புரம் நான்காவது செக்டாரில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வைத்தி பதினாறு கிலோ குறைந்தார். வேட்டி அவிழ்ந்தது. மோதிரம் தட்டில் விழுந்தது. மோதிரத்தைக் கழுவி மாட்டிக்கொண்டு மீதியைச் சாப்பிட்டார். அன்று தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்.

காரணம் அவருடைய மகள் ரோஹிணி. நார்த் கேம்பஸில் ஊட்டச்சத்து படித்தாள். அந்த வருஷம் பேராசிரியை பரீட்சைத் தாளுக்குப் பதிலாக, மாணவர்கள் மூவர் மூவராகச் சேர்ந்து இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதில் யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். அழியாமல் நிற்பதற்குத்தான் மார்க். ரோஹிணி, ஹரிஷங்கர், ஜ்யோத்ஸ்னா மூவருக்கும் உடல் பருமன் ஆராய்ச்சி வந்தது. ஹரிஷங்கர் ஆராய்ச்சிகளைப் படித்தான். ஜ்யோத்ஸ்னா எழுதினாள். ரோஹிணி அடிக்குறிப்பு போட்டாள். கட்டுரை நின்றது, படம் நிற்கவில்லை. இணையத்திலிருந்து எடுத்துப் போட்டதையெல்லாம் உரிமை இல்லை என்று யாரோ நீக்கினார்கள். சொந்தமாக எடுத்த படம் வேண்டும். பால்கனியில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ரோஹிணி காமிராவோடு போனாள்.

"எதுக்கும்மா?"

"காலேஜுக்குப்பா."

"இரு, தலை வாரிண்டு வரேன்."

"தலை வேண்டாம்ப்பா. வயிறு போதும்."

படத்துக்குக் கீழே, தில்லி அரசு ஊழியர் ஒருவர், எடை 104 கிலோ என்று எழுதினாள். வீட்டில் எடை மெஷின் இல்லை. குத்துமதிப்பாகப் போட்டாள். அன்று மாலையே வைத்திக்கு நாற்காலி இறுகியது. ஆபீஸ் கேன்டீன் போண்டாவின் மேல் பழி விழுந்தது.

பெல்ஜியத்தில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இவர் எண்பத்தெட்டுக்கு மேல் இருக்க மாட்டார் என்று திருத்தியதுதான் தயிர் சாதத்தின்போது நடந்தது. கனடாவில் ஒருவர் அதை மீண்டும் நூற்று நான்காக்கினார். பெல்ஜியம் விடவில்லை. வைத்தி ஆபீஸ் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில் ஒல்லியாக ஏறி மோதிபாக் வருவதற்குள் குண்டானார். பக்கத்து சீட்காரர் "தோடா உதர், வைத்தி ஜீ" என்று தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். வைத்தி இரண்டு பெல்ட் வைத்துக்கொண்டார். ஒருநாள் ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ எழுபத்திரண்டு என்று போட்டார்கள். அன்று மாலை மணி அடித்தது. மனைவி சுந்தரவல்லி கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்றாள். "நான்தாண்டி" என்றார் வைத்தி. குரலை வைத்து உள்ளே விட்டாள். அவர் என்ன சாப்பிட்டாலும், பட்டினி கிடந்தாலும், எண் மாறினால்தான் உடம்பு மாறியது. உடல் பருமன் ஆராய்ச்சியில் இது பெரிய விஷயம் என்றான் ஹரிஷங்கர். ஆனால் கட்டுரையில் சேர்க்க முடியவில்லை. ஆதாரம் இல்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் எவனோ விளையாட்டாக 900 கிலோ என்று போட்டான். யாரோ கவனித்து உடனே மாற்றினார்கள். அதற்குள் கட்டிலின் நாலு காலும் போய், கீழ் வீட்டு மல்ஹோத்ராவின் கூரையில் விரிசல் விழுந்தது. அவர் மேலே வந்து, யானை வளர்க்க குவார்ட்டர்ஸில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள் வேறொருவன் 0 என்று போட்டான். வைத்தி சோபாவிலிருந்து எழும்பி மெதுவாக மேலே போனார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்னா, தலையைக் குனியுங்கோ!" என்று கத்திக்கொண்டே சுந்தரவல்லி சுவிட்சுக்கு ஓடினாள். இறக்கை நின்றபோது அதற்கும் வைத்தியின் மூக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. யாரோ எண்ணைத் திருத்தியதும் இறங்கி வந்தவரின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை பீரோவில் முடிந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உன் மார்க்குக்கு என் புருஷன்தான் கிடைச்சாரா?"

படத்தையே எடுத்துவிடலாம் என்றாள் ஜ்யோத்ஸ்னா. படம் போனால் அப்பா இருப்பாரா என்று ரோஹிணி கேட்டாள். மூவரும் ஆராய்ச்சிகளில் தேடினார்கள். அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. படம் இருக்கட்டும் என்று முடிவானது. எண்ணை மட்டும் யாரும் தொடாதபடி நிறுத்த வேண்டும்.

வைத்தி தானே எழுதுகிறேன் என்றார். முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவர். கட்டுரையின் விவாதப் பக்கத்தில், மேற்படி படத்தில் உள்ளவர் கீழே கையொப்பமிட்டவரே என்றும், அவரது எடை அவருக்கே நன்கு தெரியும் என்றும், தக்க நடவடிக்கை எடுக்கும்படியும் எழுதினார். பெல்ஜியமும் கனடாவும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். நீங்கள் சம்பந்தப்பட்டவர், உங்களைப் பற்றி நீங்கள் சொல்வது ஆதாரமாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ரோஹிணி அழுதாள். வைத்தி கோபப்படவில்லை. ஓய்வூதியக்காரர் நேரில் வந்து நின்றாலும், உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் கேட்பதுதான் அவருடைய செக்‌ஷனின் வேலை. "சரியாத்தானே கேக்கறான்" என்றார்.

செக்டார் தமிழர் நலமன்றம் வருஷா வருஷம் சித்திரை மலர் போடும். ஆசிரியர் நல்லசிவம், திருநெல்வேலிக்காரர். மலர் அச்சுக்குப் போக இருந்தது. அன்றும் யாரோ 0 போட்டிருந்தார்கள். வைத்தி பீரோவிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, பையில் இரண்டு செங்கல்லோடு அவரைப் பார்க்கப் போனார்.

"எடையை நியூஸாப் போடணுமா? என்னவே, நீரு என்ன மந்திரியா?"

"போடும் ஓய். இல்லேன்னா பறந்துடுவேன்."

நல்லசிவம் பையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆளைத் தூக்கிப் பார்த்தார். பை கனமாக இருந்தது. பேனாவை எடுத்து, எத்தனை கிலோ என்று கேட்டார்.

அதை வைத்தி யோசித்திருக்கவில்லை. வீட்டில் பேச்சு நடந்தது. அவருடைய உயரத்துக்கு எழுபத்திரண்டுதான் சரி, நாங்களே பத்து அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறோம் என்றாள் ரோஹிணி. முழங்காலுக்கும் நல்லது என்றான் ஹரிஷங்கர். வைத்தியும் தலையாட்டினார். சுந்தரவல்லி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"எழுபத்திரண்டுல வந்த மனுஷன் யாரோ. எனக்குப் பழக்கமில்லை. எண்பத்தி நாலு போடச் சொல்லு."

"அம்மா, ஆராய்ச்சி என்ன சொல்றதுன்னா…"

"ஆராய்ச்சியா இவரோட குடித்தனம் பண்றது?"

மலரில், வாழ்த்துச் செய்திக்கும் ஊறுகாய் விளம்பரத்துக்கும் நடுவில் வந்தது: நம் மன்ற உறுப்பினர் திரு. வைத்தி அவர்களின் எடை எண்பத்து நான்கு கிலோ என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ரோஹிணி மலரின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் அடிக்குறிப்பில் போட்டாள். பெல்ஜியம் நன்றி சொன்னார். அச்சில் ஆதாரம் இல்லாமல் யாரும் எண்ணை மாற்ற முடியாதபடி கனடா பக்கத்தைப் பூட்டினார். வைத்தி எண்பத்து நான்கில் நின்றார். சுந்தரவல்லி கயிற்றை அவிழ்த்து பால்கனியில் கட்டித் துணி காயப்போட்டாள். மூவருக்கும் முதல் வகுப்பு மார்க் வந்தது.

ஆதாரம் பழசாகக் கூடாது என்பதால் ஒவ்வொரு சித்திரை மலரிலும் அந்தச் செய்தி வருகிறது. நல்லசிவம் பங்குனியிலேயே போன் செய்து சுந்தரவல்லியிடம் எண் கேட்டுக்கொள்வார். 2009 மலரில் எண்பத்து மூன்று என்று வந்தது. முந்தின தீபாவளிக்கு வைத்தி வீட்டில் சொல்லாமல் கோல் மார்க்கெட்டில் தனியாக ரசகுல்லா சாப்பிட்டிருந்தார். விஷயம் சுந்தரவல்லியின் காதுக்கு எட்டியிருந்தது. வைத்தி பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார். அடுத்த மலரில் சுந்தரவல்லி அந்த ஒரு கிலோவைத் திருப்பிக் கொடுத்தாள்.