இருபத்து நான்காவது துலிப்

மூன்றரை மணிக்குக் கதவு திறந்தபோது நான் திரும்பிப் பார்த்திருக்கவே கூடாது.

வாசலில் ரங்கெல். சின்னம்மை கண்டு இரண்டு வாரமாக வராத ரங்கெல். முகமெல்லாம் காய்ந்த பொருக்கு, கையில் ஒரு துலிப். பின்னால் அவன் அப்பா, குழாய் வேலைக்காரர். செம்புக் கம்பியில் தண்டு வளைத்து, சிவப்பு அட்டையில் இதழ் வெட்டி, கடைப் பூவே தோற்றுப்போகும்படி செய்திருந்தார்.

"வீட்டிலேயே செஞ்சுட்டோம் டீச்சர். இவன் பூ மட்டும் விட்டுப்போயிடக் கூடாதுல்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றியில் இல்லை.

அன்று மார்ச் ஏழு. மறுநாள் பெண்கள் தினம். எங்கள் ஊரில் அது அம்மாக்களின் தினம். நான்கு மணிக்கு என் மழலையர் வகுப்பு அம்மாக்கள் வருகிறார்கள். சுவரில் ஆள் உயரக் காகித ஜாடி. அதில் குழந்தைகளின் உள்ளங்கையைச் சிவப்புப் பெயிண்டில் தோய்த்து அட்டையில் பதித்து, வெட்டி, தண்டுக்குப் பச்சைக் குழல் சொருகிய துலிப்கள். எல்லாம் முடிய ஒரு வாரம். ஸ்வெட்லின் மூன்று முறை கையைத் தலையில் துடைத்துக்கொண்டான். ஒருத்தி கறுப்புத் துலிப்தான் வேண்டுமென்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எல்லாம் போகட்டும். சுவரில் இருபத்து மூன்று பூ இருந்தது. அதுதான் முக்கியம். ஒற்றைப்படை. எங்கள் பக்கம் இரட்டைப்படையில் பூ என்றால் அது சவப்பெட்டிக்கு.

இப்போது ரங்கெலின் பூவோடு இருபத்து நான்கு.

என் மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. தலைமையாசிரியை எவ்லோகியேவா முந்தின நாளே சொல்லிவிட்டார், சுவரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று. திங்கட்கிழமை நகராட்சி ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட அந்தச் சுவர்தான் இருக்கிறது. எவ்லோகியேவா முட்கரண்டியை எண்ணுவார், குழந்தைகளின் கையுறையை எண்ணுவார். பூவை எண்ணாமல் விடுவாரா?

வகுப்பு உதவியாளர் கின்கா அக்கா தரையைத் துடைத்தபடியே வழி சொன்னாள். "உன் கையையும் தோய், பொண்ணே. இருபத்தஞ்சு ஆயிடும்."

தோய்த்தேன். பதித்தேன். வெட்டினேன். ஜாடியின் வாயருகே ஒட்டினேன். மணி மூன்று ஐம்பது. இருபத்தைந்து. மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடிவதற்குள் இரட்டையர்கள் யானாவும் போயானாவும் யார் பூ உயரம் என்று தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். யானாவின் பூ இரண்டாகக் கிழிந்தது. டேப் போட்டேன். போயானா தன் பூவுக்கும் டேப் வேண்டுமென்று கத்தினாள். கிழியாத பூவுக்கும் டேப் போட்டேன்.

நான்கு மணி. அம்மாக்கள் உள்ளே நுழைந்தார்கள். பாட்டு முடிந்தது, பாதிப் பேர் வாயசைத்தார்கள், ரங்கெல் சொறிந்துகொண்டான். எவ்லோகியேவா சுவரருகே போய் விரலை நீட்டினார். உதடு அசைவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"இருபத்து நாலு," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இருபத்து மூன்று பெண்களும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நானே குழி வெட்டி வைத்ததுபோல.

நான் ஸ்வெட்லினைப் பார்த்தேன். அவன் கால்சட்டைப் பையிலிருந்து பச்சைக் குழல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வழி இருந்தது, சுலபமான வழி. என் பூவை எடுத்துவிட்டால் இருபத்து மூன்று. கையை நீட்டி அதைப் பிடித்தும் விட்டேன். எவ்லோகியேவா லேசாகத் தலையசைத்தார். வேலை நிலைத்தது என்றே நினைத்தேன்.

"ஸ்வெட்லின், பூவை ஏன்டா எடுத்தே?" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

அவன் பையைக் கையால் பொத்திக்கொண்டான். "அம்மாவுக்குன்னு சொல்லித்தானே டீச்சர் செய்யச் சொன்னீங்க? அப்புறம் எதுக்குச் சுவத்துக்குக் குடுத்தீங்க?"

ஒரு வாரமாக "அம்மாவுக்கு, அம்மாவுக்கு" என்று சொல்லித்தான் அத்தனை பேரையும் பெயிண்டில் முக்கியிருந்தேன். ஒரு பூகூட ஒரு அம்மாவிடமும் போகப் போவதில்லை. திங்கட்கிழமை ஏதோ ஒரு அதிகாரியின் கண்ணுக்கு.

எரிச்சலில் எனக்கு எப்போதுமே புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

"எல்லாரும் வாங்க. அவங்கவங்க பூவை எடுத்து அவங்கவங்க அம்மாகிட்ட குடுங்க," என்றேன்.

எவ்லோகியேவா என் பெயரை ஒரு முறை சொன்னார். "சோர்னிட்சா." அதற்குள் இருபத்து மூன்று பேர் சுவரில் ஏறியிருந்தார்கள். ஜாடியின் கைப்பிடி போனது. அடிப்பாகம் போனது. ஆனால் ஆளுக்கு ஒரு பூ. ஒன்று என்பது எப்போதும் ஒற்றைப்படைதானே. ஸ்வெட்லினின் அம்மா நசுங்கிய பூவை முகர்ந்தே பார்த்தாள்.

இரட்டையர்களின் அம்மா மட்டும் அசையாமல் நின்றாள். கையில் இரண்டு பூ. இரண்டிலும் டேப். முகம் வெளுத்துவிட்டது.

சுவரில் மிஞ்சியிருந்தது என் பூ ஒன்றுதான். அதைப் பிய்த்தெடுத்து அவள் கையில் திணித்தேன். மூன்று. அவளுக்கு நிறம் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும் எவ்லோகியேவா கிழிந்த ஜாடிக்கு எதிரே நின்றார். சுவரில் எண்ண எதுவும் இல்லை. அது அவரை என்னவோ செய்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க. இதையா காட்டுவேன்?"

நான் கோட்டைத் தேடினேன்.

"எட்டு மணிக்கு வந்துடு. மறுபடி செய். ஒப்பந்தத்தை அப்போ தர்றேன்." கதவருகே போய்த் திரும்பினார். "இருபத்தஞ்சு. நான் எண்ணுவேன்."

கின்கா அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "பதிச்சதும் திங்கக்கிழமையே எல்லாத்தையும் வீட்டுக்குக் குடுத்துடாதே, பொண்ணே."

சிரிக்கத் தோன்றவில்லை. இருபத்தைந்து என்றால் என் கையோடு இருபத்து நான்கு குழந்தையும் வந்தாக வேண்டும். கதவருகே யானா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.

பெயிண்டாக இருக்கட்டும் என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.