முதலாளிக்கு மலச்சிக்கல்

மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாத வியாதி உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆள் கடைப்படி ஏறும்போதே நடையைப் பார்த்து மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். வந்தவர் பல்வலி என்று வாயைத் திறந்தால், "அது வயித்துலேருந்து வருது" என்பார். தெருவும் நம்பியது. சும்மா கிடைக்கிற வைத்தியத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அவர் வீட்டில் ஒரு கடுவன் பூனை. பகலெல்லாம் கடைக் கல்லாமேல் கால் நீட்டிப் படுத்து, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் அதற்கு முதலாளி என்று பெயர். மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அவர் முதலாளியோடு பேசிவிடுவார். அதன்மேல் அவ்வளவு உயிர்.

ஒரு நாள் காலையிலிருந்து முதலாளி, அது வெளிக்குப் போக வைத்திருந்த மண் தட்டில் போய் உட்காருவதும், முக்குவதும், கத்திக்கொண்டே வெளியே வருவதுமாக இருந்தது.

"மலச்சிக்கல்," என்று தீர்ப்புச் சொல்லி, பேதி மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்.

"டாக்டர்கிட்டக் காட்டிடலாங்க," என்றாள் மனைவி. "அடுத்த தெருவுல புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்களாம்."

"மாட்டுக்கு ஊசி போடுறவங்க என்னைவிடப் பெருசா என்ன கண்டுபிடிச்சிடப் போறாங்க? நான் பூனையைத் தூக்கிட்டு அங்க போய் உக்காந்தா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?"

சாயங்காலம் மருந்து வேலை செய்தது. வீடே நாறியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெற்றிச் சிரிப்போடு மனைவியைப் பார்த்தார். ஆனால் முதலாளி கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டில் ஏறி முக்க ஆரம்பித்தது.

"அதான் போயிடுச்சே, இப்ப எதுக்குங்க முக்குது?"

"பழக்கதோஷம்."

"அது போன இடம் தவிர மண்ணு சொட்டு ஈரமில்லாம காஞ்சு கிடக்குங்க. நான்தானே அள்ளுறேன்?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்து பார்த்தால் முதலாளி வாந்தி எடுத்துவிட்டு, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. தன் கடையில் எந்த அலமாரியிலும் இதற்கு மருந்தில்லை என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று.

அப்போதும் மானம் முந்திக்கொண்டது. இருமல் சிரப் வந்த அட்டைப்பெட்டியில் பூனையை வைத்து மூடி, ஏதோ சரக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி தெருவில் நடந்தார்.

"என்னண்ணே, இருமல் மருந்து முனகுது?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பூனையின் வயிற்றைத் தொட்டதுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. "மூத்திரம் அடைச்சிருக்கு. பை கல்லு மாதிரி இருக்கு. எப்பலேருந்து முக்குது?"

"நேத்துலேருந்து. மலச்சிக்கல்னு..."

"யார் சொன்னது?"

"ஒரு... மருந்துக்கடையில."

"கடுவன் பூனை முக்கினா முதல்ல மூத்திரம் வருதான்னு பாக்கணும். வரலைன்னா அப்பவே தூக்கிட்டு ஓடி வரணும். உயிர் போற விஷயம் இது. எந்தக் கடை அது?"

பதிலுக்குக் காத்திராமல் டாக்டரம்மா பூனையோடு உள்ளே போய்விட்டார்.

மருந்துக்கடைக்காரர் வெளியே பெஞ்சில் காலிப் பெட்டியோடு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு நாயும், அவருடைய வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தியும்.

"அட, நீங்களா! நல்லதாப் போச்சு. இவனுக்குக் காதுல சீழ் வடியுது. ஏதாவது சொட்டு மருந்து சொல்லுங்கண்ணே, நான் இப்படியே வீட்டுக்குப் போயிடுறேன்."

மருந்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே முதலாளி ஒருமுறை அலறியது.

"தெரியலைம்மா. டாக்டரையே கேளுங்க."

அவர் ஆயுளில் முதல் தடவையாகச் சொன்ன அந்த வார்த்தையை அந்த அம்மாள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். "டியூப் போட்டு எடுத்தாச்சு. பிழைச்சுக்கும். ரெண்டு மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்."

மருந்துக்கடைக்காரர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். அழுகை ஓயட்டும் என்று டாக்டரம்மா பொறுமையாக நின்றார்.

"கடை எதுன்னு சொல்லுங்க. இன்னும் எத்தனை உயிரோட விளையாடுறாங்களோ."

அவர் வாயைத் திறப்பதற்குள் நாய்க்கார அம்மாள் பெருமை தாங்காமல் முந்திக்கொண்டாள்.

"இவருக்கு எதுக்கு டாக்டர் இன்னொரு கடை? இவரே மருந்துக்கடை வச்சிருக்காரு. அப்படி ஒரு கைராசி! இவர் இருக்கிற தைரியத்துலதான் எங்க தெருவுல கைக்குழந்தையைக்கூட யாரும் டாக்டர்கிட்டக் காட்டுறதில்ல."