உங்களுக்கும் எங்களுக்கும் நாலு மணி

மொராக்கோவில் யாரிடமாவது மணி கேட்டால் உடனே பதில் வராது. "பழைய மணியா, புது மணியா?" என்று எதிர்க்கேள்விதான் வரும். என்றைக்கோ ஒருநாள் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. பாதி ஜனம் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மிதெல்த் ஊரில் ஆப்பிள் மண்டிக்காரர்கள் பழைய மணி, பேருந்து புது மணி. ரமலான் நெருங்கினால் அந்த அரசாங்கமே மனம் இரங்கி, தள்ளின மணியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஒரு மணி நேரம் பின்னால் போகும். பெருநாள் முடிந்ததும் மறுபடி முன்னால் வரும். இந்தக் கூத்து பிறந்த குழந்தைக்கும் பழகிப்போனது. பழகிப்போனது என்பதால்தான் வினையே வந்தது.

கிஸ்லானுக்குப் பதினாறு வயது. மலைமேல் மூன்று மணி நேர வேன் பயணத் தொலைவில் அவள் ஊர். அங்கே மேல்நிலைப் பள்ளி கிடையாது என்பதால், மிதெல்த்தில் கிராமத்துப் பெண்களுக்கான விடுதியில் தங்கிப் படித்தாள். வகுப்பில் முப்பது பேர், பெரும்பாலும் ஊர்ப் பிள்ளைகள். முதல் வாரத்தில் அவள் ஏதோ ஒரு சொல்லை மலைப்பக்கத்து இழுவையோடு சொல்ல, மருந்துக்கடைக்காரர் மகள் ஒமைமா அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. ஒமைமா அன்று சாயங்காலமே அதை மறந்திருப்பாள். கிஸ்லான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தேவைக்கு மேல் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அந்த வைராக்கியம் கெட்டுப்போகாமல் இருந்தது.

பிள்ளைகள் 'உஸ்தாதா' என்று கூப்பிடும் ஆங்கில ஆசிரியை நவால், வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து செய்யும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்லோவேனியா நாட்டில் டோல்மின் என்றொரு மலையடிவார ஊர். அங்கே முப்பது பேர், இங்கே முப்பது பேர். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு ஜோடி. 'ஒரே மணி, இரண்டு ஊர்' என்பது திட்டத்தின் பெயர். ஒவ்வொரு ஜோடியும் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் என்ன பார்க்கிறோம், என்ன நினைக்கிறோம் என்று ஆளுக்கு ஒரு பாதி எழுத வேண்டும். கடைசியில் இரண்டு ஊரையும் திரையில் இணைத்து, பெற்றோர்கள் முன்னால் ஜோடி ஜோடியாக வாசிக்க வேண்டும்.

கிஸ்லானுக்கு நெஜா கிடைத்தாள்.

நெஜா தினம் எழுதினாள். நாயைப் பற்றி, தம்பியைப் பற்றி, பனிச்சறுக்கில் விழுந்து முட்டி பெயர்ந்ததைப் பற்றி. "உன் ஊர்ப் பனி எங்கள் ஊர்ப் பனி மாதிரியே இருக்கிறதே" என்று வியந்தாள். விடுதிக் காப்பாளர் லல்லா ரக்கியா, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைதான் கைப்பேசியைக் கையில் கொடுப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காக கிஸ்லான் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் மிகையில்லை. எழுத்தில் இழுவை கிடையாதே! ஆங்கிலத்தில் அவள் துணிச்சலான பெண்ணாக இருந்தாள், வேடிக்கைகூடப் பேசினாள்.

இதில் அவளுக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் டோல்மினிலும் மிதெல்த்திலும் ஒரே மணி. இங்கே பத்து என்றால் அங்கேயும் பத்து. இடைவேளை மணி அடிக்கும்போது, இப்போது அவளும் வெளியே வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். தனியாகச் சுவரோரம் நிற்கிறவளுக்கு அந்த நினைப்பு சால்வை போர்த்தின மாதிரி இருக்கும்.

இருவரும் மதியம் பன்னிரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். கிஸ்லான் தன் பாதியை நான்கு தடவை எழுதினாள். அம்மாவிடம்கூடச் சொல்லாததை நாலாவது தடவையில் எழுதி நெஜாவுக்கு அனுப்பினாள். "நீ வாசிக்கும்போது நான் உன் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்" என்று நெஜா பதில் போட்டாள். நெஜாவின் குரலை அவள் கேட்டதில்லை. அந்த நிகழ்ச்சி நாளில்தான் கேட்கப் போகிறாள். அந்த நாளில் தன் வாயால் அதை நெஜாவுக்குச் சொல்ல வேண்டும். கிஸ்லானுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வகுப்பில் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவள் என்று, நிகழ்ச்சி நேரத்தை டோல்மினுக்கு அறிவிக்கும் கடிதத்தை உஸ்தாதா நவால் அவளிடமே ஒப்படைத்தார். மூன்று வாரம் முன்னாலேயே எழுதினாள். செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தாள்: "உங்களுக்கும் எங்களுக்கும் நாலு மணி, எப்போதும் போல."

உஸ்தாதா வாசித்துவிட்டு, "அழகா இருக்கு, அனுப்பு" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கைப்பேசிகள் தாமாகவே மணியைப் பின்னால் நகர்த்திக்கொண்டன. லல்லா ரக்கியா நாற்காலி போட்டு ஏறி விடுதிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பினார். மிதெல்த்தில் ஒருவருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. நாலு மணி என்றால் நாலு மணிதானே. டோல்மினில் இருக்கிறவர்களுக்கு நம் ரமலான் கணக்கு எங்கே தெரியும் என்று யோசிக்க ஒரு ஆளில்லை.

செவ்வாயன்று பள்ளி நூலகத்தில் திரை கட்டி, நாற்காலி போட்டு, மூன்றரைக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட இணையத்தை நம்ப முடியாது என்பதால், உஸ்தாதா தன் கைப்பேசி இணைப்பைத்தான் நம்பியிருந்தார். சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று கைப்பேசியை மத்தியானத்திலிருந்தே அணைத்து வைத்திருந்தார். கிஸ்லான் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இணைப்பைத் திறந்தார்கள். திரையில் அவர்கள் முகங்களே அவர்களைப் பார்த்தன.

"என்னடா, நம்ம மூஞ்சியைப் பாக்கவா இத்தனை ஏற்பாடு?" என்றான் பின்வரிசை ஜவாத்.

நாலே கால். நாலரை. உஸ்தாதா தன் கைப்பேசியில் வந்து குவிந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் கிஸ்லான் நான்காக மடித்த தாளை இன்னும் ஒரு தடவை மடித்தாள்.

"அங்க இப்ப அஞ்சரை மணி. நாம மூணு மணிக்கே வரணுமாம். வந்து இருபது நிமிஷம் காத்திருக்காங்க. அப்புறம் அவங்களே ஆரம்பிச்சு முடிச்சிட்டாங்க" என்றார்.

"மூணுக்கா? நாலுன்னுதானே எழுதினோம்?" என்றான் ஒரு பையன்.

"அவங்களுக்கு நாலாகும்போது இங்க மூணுதாண்டா. நம்ம மணிதான் பின்னால போயிடுச்சே."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஒமைமா கிஸ்லான் பக்கம் திரும்பினாள்.

"கடிதம் எழுதினது யாரு? 'எப்போதும் போல'ன்னு கவிதை வேற."

"மலைமேல கடிகாரம் இல்லடி, சேவல்தான்" என்றான் ஜவாத். நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்க அம்மா இதுக்காகப் புது ஜெலாபா அங்கி போட்டுக்கிட்டு வந்தாங்க என்று யாரோ முனகினார்கள். உஸ்தாதா, "நானும்தானே வாசிச்சேன், என்மேலயும் தப்பு இருக்கு, போதும் விடுங்க" என்று அதட்டினார். நியாயமான மனுஷிதான். ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அன்று ஆறு மணிக்குக் கைப்பேசி கிடைத்தது. நெஜாவிடமிருந்து ஒன்பது செய்திகள். முதல் ஏழும் "எங்கே இருக்கிறாய்?" எட்டாவதில் மணிக் குழப்பம் புரிந்துவிட்டது, சிரிப்பு. ஒன்பதாவது இப்படி இருந்தது: "நீ கவலையே படாதே! என் தோழி லாரா உன் பாதியை வாசித்தாள். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது. நீ இல்லை என்பது யாருக்கும் தெரியவே இல்லை!" பக்கத்தில் மூன்று சிரித்த முகங்கள்.

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். கிஸ்லான் அதைப் பத்து தடவை வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரி மட்டும் தனியாக எழுந்து நின்றது. சாப்பாட்டு மணி அடித்ததும் அறுபது பெண்களோடு உட்கார்ந்து ஹரீரா சூப் குடித்தாள். யாராவது என்னவென்று கேட்டால் அழுதிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முதல் நோன்பு. எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டு, சிடுசிடுப்பு மூக்கின் நுனியில் நின்ற நாள். டோல்மினிலிருந்து நிகழ்ச்சியின் பதிவு வந்திருந்தது. உஸ்தாதா அதை வகுப்பில் போட்டுக் காட்டினார். அங்கே எல்லா ஜோடிக்கும் அவர்களுக்குள்ளேயே ஆள் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். முழுநிகழ்ச்சியும் குறையில்லாமல் நடந்திருந்தது. ஜவாத் எழுதியதை ஒரு குண்டுப் பையன் வாசித்தான். வகுப்பு கைதட்டிச் சிரித்தது.

பிறகு நெஜா வந்தாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். குரல் கொஞ்சம் கரகரப்பு. பன்னிரண்டு மணிக்குத் தன் பள்ளி உணவுக்கூடத்தில் எத்தனை பேர், எவ்வளவு கூச்சல், யார் யார் தட்டிலிருந்து எதைத் திருடுவார்கள் என்று வாசித்தாள். கூட்டம் சிரித்தது. அடுத்து, பொன்னிறப் பின்னலோடு பக்கத்தில் நின்ற லாரா தாளை எடுத்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். நான் மெதுவாக நடக்கிறேன். வேகமாக நடந்தால் அவர்கள் பக்கத்தில் போய்விடுவேன். பக்கத்தில் போனால் அவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இந்நேரம் என் அம்மா ரொட்டி பிய்ப்பாள். நான் இருந்தபோது என் பக்கம் ஒரு துண்டு வைப்பாள். இப்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அவளுக்குப் பழகியிருக்கும். பழகிவிட்டதா என்று நான் கேட்டதில்லை, பழகிவிட்டது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. நெஜா, உன்னிடம் சொல்கிறேன்."

லாரா அருமையாக வாசித்தாள். அதுதான் கொடுமை. கடைசி வரியில் நெஜாவின் தோளில் கை போட்டாள். நெஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். டோல்மின் பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மிதெல்த் வகுப்பில் தலைகள் ஒவ்வொன்றாகக் கிஸ்லான் பக்கம் திரும்பின. இது யாருடையது என்று உஸ்தாதா சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிஸ்லான் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். தன் வாயால் சொல்ல இருந்ததை வேறொருத்தி வாயால் கேட்டதில், உடம்பில் துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல அவளுக்குக் கூசியது.

இடைவேளையில் ஒமைமா நேரே வந்தாள். கண் சிவந்திருந்தது, கோபமா அழுகையா தெரியவில்லை.

"நாங்களா பேச்சை நிறுத்தினோம்?"

எழுந்து போகப் பார்த்த கிஸ்லானை ஒமைமா வழிமறித்தாள்.

"ஒன்றரை வருஷமா நீதானேடி எங்ககிட்ட பேசல? ஒருநாள் வந்து நின்னுருக்கியா? எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? எங்கயோ இருக்கிறவகிட்ட போய்ச் சொல்லி, அந்த ஊரே எங்களைக் கல்நெஞ்சுன்னு நினைச்சுக் கைதட்டுது."

"நீ என்னை மாதிரி பேசிக் காட்டுன" என்றாள் கிஸ்லான்.

"எப்ப?"

உண்மையிலேயே ஒமைமாவுக்கு நினைவில்லை. கிஸ்லான் அவள் முகத்தைப் பார்த்தாள், பொய்யில்லை என்று தெரிந்தது. தான் ஒன்றரை வருஷம் சுமந்ததை இறக்கி வைக்கக்கூட எதிரில் ஆள் இல்லாமல் போயிற்று. "ஒண்ணுமில்ல, விடு" என்றாள். தோழிகள் கூப்பிட, ஒமைமா போய்விட்டாள்.

கடைசி வகுப்பில் உஸ்தாதா நவால் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். திட்டத்தைப் பற்றிய கருத்துப் படிவம், இரண்டு பள்ளிக்கும் பொது. ஆங்கிலம் மேம்பட்டதா, பிற பண்பாட்டைப் புரிந்துகொண்டீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். கிஸ்லான் மளமளவென்று குறியிட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்வி: 'இத்திட்டத்தின் மூலம் உங்களுக்கு ஒரு புதிய நட்பு கிடைத்ததா? ஆம் / இல்லை.'

அவள் பேனா நின்றது. மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நெஜாவின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பெண். தினம் எழுதினாள், இருபது நிமிடம் காத்திருந்தாள், நிஜமாகவே அழுதாள். அவளுக்கு ஊர் நிறையத் தோழிகள், மிதெல்த்தில் ஒருத்தி. ஒருத்தி வராவிட்டால் அந்த இடத்தில் நிறுத்த இன்னொருத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். அவள் என்ன செய்வாள் பாவம்.

வகுப்பு காலியாகிவிட்டது. உஸ்தாதா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன கிஸ்லான், ஏதாவது புரியலையா?"

"இந்தக் கடைசிக் கேள்வி, உஸ்தாதா. அவங்க நமக்கு ஃப்ரெண்டான்னு கேக்குறாங்களா, இல்ல அவங்களுக்கு நாம ஃப்ரெண்டான்னு கேக்குறாங்களா?"

உஸ்தாதா தாளை வாங்கிப் பார்த்தார். முதல் நோன்பின் களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார்.

"ஆமா உஸ்தாதா" என்றாள் கிஸ்லான். 'ஆம்' என்பதில் குறியிட்டு, தாளைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.