கலந்தர் நானாவின் மேல்மாடி

எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில் கலந்தர் நானா மூன்று மாடி வீடு கட்டப் போறார். கட்டினால் றோட்டில் நிற்கிற எங்களுக்குக் கடல் தெரியாது. மறுப்புச் சொன்ன பெண்கள் எங்களைச் சபைக் கந்தோரில் அதிகாரி முன்னால விசாரணைக்குக் கூப்பிட்டினம்.

"கடல் பார்க்கத்தானே? மேல்மாடிக்கு வாங்கோ, தேத்தண்ணியும் தாறன்," என்றார் கலந்தர் நானா. உபசாரமாகத்தான் சொன்னார். அதிகாரியும் தலையாட்டினார். எனக்கு ஆத்திரம் பத்திக்கொண்டு வந்தது.

"நாங்கள் கடலின்ர வடிவு பார்க்கிறேல்லை, நானா. கடலுக்குப் போன ஆம்பிளையளின்ர போட் வருதோ எண்டுதான் பார்க்கிறம். வந்தால் தேத்தண்ணி குடிப்பம். வராட்டில் உங்கட கதிரையில இருந்தோ அழுறது?"

கலந்தர் நானா மேசையில் விரித்திருந்த வீட்டு வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார்.