ஒரே கொப்பில் இரண்டு குழை

முரசுமோட்டையில் இரண்டு வருஷமாக மழை இல்லை. வானத்தைத் திட்டிப் பயனில்லை. வாகைப் பாசறைப் பிள்ளைகள் இரண்டு வருஷமும் தோற்றுப்போனார்கள், மழை முழுவதும் பூவரசங்குளப் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான் சங்கதி.

வெளியூர்க்காரருக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். விசுவமடுவுக்கு அப்பால், காட்டுக்குள், இரண்டு பாலை மரங்களுக்கு நடுவில் ஒரு கடவை இருக்கிறது. அதைத் தாண்டினால் மறுகரை என்கிற வேறொரு உலகம். அங்கே இரண்டு அரசர்கள், எதற்கென்று அவர்களுக்கே மறந்துபோன ஒரு சண்டையைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் எங்கள் பிள்ளைகளைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். கூலியாகத் தருவது மழை. வென்ற அரசன் தனக்குப் பிள்ளை அனுப்பிய பக்கத்துக்கு அந்த விதைப்புப் போகத்து மழையை அனுப்பி வைப்பான். அது எப்படி முடியும் என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரம் எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டா விளக்கைப் போடுகிறோம்?

ஓர் அரசனுக்கு வடக்குப் பக்கத்து வாகைப் பாசறை. மற்றவனுக்குத் தெற்குப் பக்கத்து நொச்சிப் பாசறை. கடவையைத் தாண்டினால் துவக்கு வெடிக்காது, போன் செத்துவிடும். ஆகவே ஈட்டி, வில், வாள் என்று பழைய சாமான்களைத்தான் பழக்குகிறார்கள். இரண்டு பாசறைகளும் பிள்ளை பிடிப்பதில் டியூசன் கொட்டில்களை விட மோசமாகப் போட்டி போட்டு அடிபட்டன. ஏ நைன் வீதி நெடுக அவர்களுடைய பதாகைகள்தான். 'சென்ற காலபோகத்தில் அதிக ஏக்கருக்கு மழை பெற்றுத் தந்த ஒரே பாசறை' என்று சிரித்த முகத்தோடு பிள்ளைகளின் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் மறுகரையிலேயே புதைக்கப்பட்டிருப்பார்கள். செத்த உடல் கடவையைத் தாண்டி வராது. ஆனாலும் பதாகையைக் கழற்றமாட்டார்கள். அச்சடித்த செலவு இருக்கிறதே.

வீரபாகு முரசுமோட்டைக்காரர். அவருக்கு ஊரில் வயல் இருந்தது. மனைவி விமலேஸ்வரியின் சீதனமாகப் பூவரசங்குளத்திலும் வயல் இருந்தது. பிள்ளைகளும் இரண்டு. மனுஷன் கணக்குப் பார்த்தார். மூத்தவள் யதுர்ஷிகாவை வாகையில் சேர்த்தார், இளையவன் ஜனகனைக் கொண்டுபோய் நொச்சியில் விட்டார். எந்தப் பக்கம் வென்றாலும் ஒரு வயல் விளையும். தேநீர்க் கடையில் அவருடைய மூளையை மெச்சாதவர் இல்லை. சிலர் தங்களுக்கு அந்த யோசனை வரவில்லையே என்று வெளிப்படையாகவே கவலைப்பட்டார்கள்.

விமலேஸ்வரி மட்டும் சாப்பிடாமல் கிடந்தாள். "அப்ப எங்கட சண்டை நேரம் பிள்ளையளை வந்து இழுத்துக்கொண்டு போனாங்கள். இப்ப நாங்களே கையில பிடிச்சுக் குடுக்கிறம்" என்று ஒருமுறை சொன்னாள். வீரபாகு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் அவர்களும் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். இருபது வயதிலும் பதினெட்டு வயதிலும், வெடித்துப்போன வயலைப் பார்த்துக்கொண்டு, வேறு என்ன சொல்வது?

யதுர்ஷிகாவுக்கு ஈட்டி வரவில்லை. எறிந்தால் குறி தப்பியது. வில்லும் அப்படித்தான். வாகையில் ஒன்றும் வராதவர்களுக்கு ஒரே இடம்தான் உண்டு. அது முதல் வரிசை. எதிராளியின் அம்புகள் தீரும்வரை முன்னால் நின்று வாங்குவதுதான் அவர்கள் வேலை. முதல் வரிசைக்குப் போன எவரும் திரும்பி வந்து அதைப் பற்றிக் கதை சொன்னதில்லை. அவளுக்கு உயிர்மேல் ஆசை இருந்தது. அது ஒரு குற்றமா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

வாகையின் தலைமை மாஸ்டர் தில்லைநாதன். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், அதனால்தான் எல்லோருக்கும் அவரிடம் பயம். இரண்டாம் முறை தோற்றபின் ஒருநாள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார். நொச்சியில் இருப்பவர்களும் எங்கள் வன்னிப் பிள்ளைகள்தான். அவர்கள் யோசிக்காமல் செய்கிற, மறுகரைக்காரர் செய்யாத, அவர்களைக் காட்டிக்கொடுக்கிற காரியம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் கடவையைத் தாண்ட வேண்டியதில்லை, இங்கேயே வரைபட அறையில் இருக்கலாம் என்றார்.

யதுர்ஷிகாவுக்கு உடனே நினைவு வந்தது. அதைச் சொல்லுமுன் தம்பியையும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஜனகன் முதல்நாள்தான் போனில் கதைத்திருந்தான். தன்னைக் குசினியில் போட்டிருக்கிறார்கள், வெங்காயம் வெட்டியே கண் போகப்போகிறது என்று சிரித்தான். சோம்பேறிப் பயல், அவனுக்கு அதுதான் சரி என்று அவளும் நம்பினாள். குசினிக்காரன் காட்டுக்குள் போகமாட்டான். கையை உயர்த்தினாள்.

"காட்டுக்குள்ள போக முதல் குழை போடுவினம், மாஸ்டர்."

வன்னியில் விறகுக்கோ தேனுக்கோ பாலைப்பழத்துக்கோ போகிற எவரும், காட்டு வாசலில் ஓர் இலைக்குழையை முறித்து ஒரு மரக்கொப்பில் தொங்கவிட்டு, ஐயனே காப்பாற்று என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். கொப்பில் எத்தனை குழை தொங்குகிறதோ அத்தனை பேர் உள்ளே. இலை வாடியிருக்கிற அளவைப் பார்த்தால் எப்போது போனார்கள் என்றும் சொல்லிவிடலாம்.

தில்லைநாதன் அவளையே பார்த்தார். எல்லோரும் போடுவார்களா, ஒருவர் மறந்தால் என்று கேட்டார்.

"மறந்தவைக்குக் கூட வாறவை போடுவினம். ஆரையும் குழை இல்லாமல் உள்ள விடமாட்டினம்."

அதைச் சொன்னபோது அவள் மனதில் ஜனகன்தான் இருந்தான். சின்ன வயதில் அவன் காட்டைக் கண்டால் முன்னால் ஓடிவிடுவான். அவள்தான் பின்னால் நின்று இரண்டு குழை முறித்து, தன்னுடையதையும் அவனுடையதையும் ஒரே கொப்பில் சேர்த்துத் தொங்கவிடுவாள். தில்லைநாதன் நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினார். அன்று மாலையே அவளுடைய பாய் வரைபட அறைக்கு மாறியது.

அந்த வருஷம் புரட்டாதியில் வாகை வென்றது. நொச்சியின் வழிபார்ப்பவர்கள், அதாவது படைக்கு முன்னால் காட்டுக்குள் நுழைந்து பாதை பார்த்து வருகிறவர்கள், எந்தக் காட்டுக்குள் போனாலும் வெளியே வரும் வாயிலில் வாகை காத்திருந்தது. பாதை தெரியாத படை குருட்டுப் படைதான். ஐப்பசி பிறந்ததும் முரசுமோட்டையில் மழை கொட்டியது. வீரபாகு குடையில்லாமல் வரம்பில் நின்று நனைந்தார். ஊரே யதுர்ஷிகாவைக் கொண்டாடியது. அவளும் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

தைப்பொங்கலுக்கு இரண்டு பாசறையும் லீவு விட்டன. ஜனகன் வந்தான். தோள் அகன்று, தாடி அரும்பி, ஆள் மாறியிருந்தான். பொங்கலுக்கு விறகு வேண்டுமென்று அம்மா சொல்ல, அக்காவும் தம்பியும் முன்பு போலவே காட்டுக்குப் போனார்கள். இம்முறை அவன் முன்னால் ஓடவில்லை. வாசலில் நின்று, ஒரு குழையை முறித்து, பதமாகத் தொங்கவிட்டான்.

அவள் அதிசயித்துப்போய், எப்போதிருந்து இந்த ஒழுக்கம் என்று கிண்டலாகக் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னான். குசினி என்றது பொய். அக்கா பயப்படுவாள் என்றுதான் அப்படிச் சொன்னான். அவன் வழிபார்க்கிற பிரிவில் இருந்தான். காட்டுக்குள் முதலில் கால் வைப்பது அவர்கள்தான். போன முறை அவனோடு கடவை தாண்டியவர்களில் பாதிக்குமேல் திரும்பவில்லை, அவர்கள் காட்டுக்குள் போன நாளில் காய்ச்சலில் படுத்ததால் அவன் தப்பினான். இப்போது குழை போடாமல் அவன் ஒரு பற்றைக்குள் கூட நுழைவதில்லையாம்.

யதுர்ஷிகா கொப்பில் தொங்கிய குழையைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

"ஜனகன், அங்க போய் இனிக் குழை போடாத" என்றாள்.

ஏன் என்று கேட்டான். ஏனென்று கேட்காதே என்றாள். அவன் மூளையில்லாதவன் அல்ல. தொங்கிய குழையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவனுடைய முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"அக்கா, நீயோ சொன்னனி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் தன்னோடு போய்ச் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். பிரசாந்தன் என்றான். ஜெயரூபி என்றான். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய இக்கட்டு அதற்குப் பிறகுதான். நொச்சியில் அவன் இதைச் சொன்னால் நொச்சி குழையை வைத்தே வலை விரிக்கும். ஆளில்லாத காட்டு வாசலில் குழைகளைத் தொங்கவிட்டு வாகைப் பிள்ளைகளை வரவழைத்துக் கொல்லும். குழை பார்க்கிற அந்த வேலையில்தான் அவளுடைய கூட்டாளி ரஜிதா இருந்தாள். சொல்லாவிட்டால் அவனுடைய கூட்டாளிகள் சாவார்கள். எப்படிப் பார்த்தாலும் சாவதற்கு யாரோ ஒரு பிள்ளை வரிசையில் நின்றது. யதுர்ஷிகா இவ்வளவையும் நினைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் தம்பியின் உயிரை மட்டும் கேட்டாள். அவன் குழை போடக்கூடாது, யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது என்று அம்மாவின் பெயரில் சத்தியம் கேட்டாள்.

அவன் சத்தியம் செய்யாமலே விறகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பொங்கலையும் சரியாகச் சாப்பிடவில்லை. விமலேஸ்வரி, பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப்போட்டாள். லீவு முடிந்து பஸ் ஏறும்போதுதான் அக்காவின் கையைப் பிடித்தான்.

"போடமாட்டன். சொல்லவும் மாட்டன். ஆனா என்ர முகத்தை நானே பாக்கேலாது, அக்கா."

அடுத்த புரட்டாதி வந்தது. வாகை கடவையைத் தாண்டியது, நொச்சியும் தாண்டியது. யதுர்ஷிகாவுக்கு வரைபட அறையில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அது தம்பி நடக்கிற பாதையாகத் தெரிந்தது. அவன் சத்தியம் தவறமாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் தவறவும் இல்லை.

ரஜிதா ஒரு மத்தியானம் திரும்பி வந்தாள். வென்றுவிட்டார்கள். முகம் கழுவாமல், புழுதியோடு வரைபட அறைக்கு வந்து கதிரையில் விழுந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அது பெருமையோடு சொன்ன கதை அல்ல, இறக்கி வைக்க இடமில்லாத சுமையை இறக்கிய மாதிரித்தான் சொன்னாள்.

காட்டு வாசலில் ஏழு குழை தொங்கியது. வாடாத குழை. இவர்கள் மறுபக்க வாயிலில் பதுங்கியிருந்தார்கள். ஆறு பேர் வெளியே வந்தார்கள். ஆறு பேரையும் முடித்தார்கள். கதை முடிந்தது, போகலாம் என்று எழும்பியபோது ரஜிதாவுக்குத்தான் கணக்கு இடித்தது. குழை ஏழு, ஆள் ஆறு. இன்னும் ஒருவன் உள்ளே நிற்கிறான் என்று எல்லோரையும் திரும்பப் படுக்க வைத்தாள். வெகுநேரம் கழித்து அந்த ஏழாவது ஆள் வந்தான்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லையடி" என்றாள் ரஜிதா. "அவன் விழுந்து கிடந்துகொண்டு, நான் குழை போடேல்லையே, நான் குழை போடேல்லையே எண்டு சொன்னவன். குழையைப் பற்றி அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

யதுர்ஷிகா, அந்த ஏழு குழையும் தனித்தனியாகத்தான் தொங்கினவா என்று கேட்டாள்.

ரஜிதா யோசித்துப் பார்த்தாள். இல்லை, ஐந்துதான் தனித்தனியே. ஒரே கொப்பில் இரண்டு சேர்ந்து கிடந்தது என்றாள்.

யதுர்ஷிகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் சொன்ன சொல் தவறாமல், குழை போடாமல் காட்டுக்குள் நுழைந்திருக்கிறான். பின்னால் வந்த ஒரு பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது. மறந்துவிட்டான் பாவம் என்று நினைத்து, இரண்டு குழை முறித்து, தன்னுடையதோடு சேர்த்து அவனுக்கும் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறது. ஐயனே, இவனையும் காப்பாற்று என்று சொல்லியும் இருக்கும். அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் குழை ஆறு. ரஜிதா எழும்பிப் போயிருப்பாள். அவன் வீட்டுக்கு வந்திருப்பான்.

ரஜிதா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். மெல்ல எழுந்து வெளியே போனாள்.

போன் அடித்தது. அப்பாதான். முரசுமோட்டையில் மழை தொடங்கிவிட்டது, இந்த முறை முந்தியே அனுப்பிவிட்டான் அரசன், நெல் மூட்டை அடுக்க வீட்டில் இடம் காணாது என்று கத்திக் கத்திச் சொன்னார். மழை இரைச்சலில் அவருடைய குரல் விட்டு விட்டு வந்தது. நொச்சி தோற்றது பற்றிக் கவலையில்லையாம். பூவரசங்குளத்து வயல் ஒரு போகம் காய்ந்தால் காயட்டும், அடுத்த முறை தம்பி வென்று தருவான், நாங்கள் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிற ஆட்கள் என்றார்.

யதுர்ஷிகா அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்பா, பூவரசங்குளத்து வயலை வித்துப்போடுங்கோ" என்றாள். "இனி அங்கால எங்களுக்கு ஆளில்லை."

விளங்கவில்லை, மழைச் சத்தமாக இருக்கிறது, திரும்பச் சொல் என்றார் அப்பா. அவள் திரும்பச் சொன்னாள்.