பிள்ளையார் சுழி போட்ட பைல்

திலகவதி மவுஸைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும். சிதம்பரம் தெற்கு வீதியில் சபாபதியின் டி.டி.பி. கடையில் அவளுடைய மவுஸ் மேசை ஓரத்தில் தூசி படிந்து கிடந்தது. டீ கிளாஸ் வைக்க இடம் வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் நகர்த்துவாள். மற்றபடி எல்லாம் விரல்தான். எடுக்கக் கண்ட்ரோல் சி, ஒட்டக் கண்ட்ரோல் வி, தப்பானால் கண்ட்ரோல் இசட். பக்கத்து மேசை இளவரசு மவுஸை உருட்டி, மெனுவைத் திறந்து, அதில் உள்ளதை வாய்விட்டுப் படித்து, யோசித்து அமுக்குவதற்குள் இவள் அடுத்த பக்கத்தில் இருப்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம் சபாபதி ஒரு சேதி சொன்னார்.

"கடலூர்ல மஞ்சக்குப்பத்துல ஒரு பிராஞ்ச் போடறேன். இங்க ஆரு வேலைய ஜாஸ்தி முடிக்கிறாங்களோ, அங்க அவுங்கதான் பொறுப்பு."

திலகவதியின் வீடு மஞ்சக்குப்பத்தில் இருந்தது. தினமும் காலையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புகிறவள். அந்தக் கிளை கிடைத்தால் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அன்றிலிருந்து அவள் எந்த வேலையில் எந்த விரலைக் குறைக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினாள். கடைசியில் பைலுக்குப் பெயர் வைப்பதைக் குறைத்தாள்.

பெயர் வைக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது. முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே பெயராக எடுத்துக்கொள்ளும். சபாபதி கடையில் எந்தப் பக்கமானாலும் முதல் வரியில் இருப்பது பிள்ளையார் சுழி. அது அவர் போட்ட சட்டம். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் விதிவிலக்கு. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அவள் 'உ' அடித்த இடத்தில் அது 'சி' என்ற இங்கிலீஷ் எழுத்தைத்தான் பார்த்தது. ஆகவே எல்லா பைலுக்கும் பெயர் 'சி'. ஒவ்வொரு தடவையும் அது ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்டது. திலகவதி ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்பதற்கு ஒய் தட்டினாள். சேமிக்கக் கண்ட்ரோல் எஸ், என்டர், ஒய். அப்புறம் அடுத்த வேலை.

முடிந்த வேலையைத் திரும்ப யாரும் கேட்டு வரவில்லை. பக்கிரி வரும் வரைக்கும்.

பக்கிரி கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அவர் மகள் கல்யாணப் பத்திரிகை மூன்று வாரமாக அச்சுக்குப் போகாமல் கடையிலேயே இருந்தது. காரணம் அவர் மச்சான் சாமிக்கண்ணு. பெண்ணுக்குத் தாய்மாமன். ஒரு படகு எஞ்சின் விஷயமாக இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. முதல் புரூஃபில் தாய்மாமன் பெயர் பெரியப்பன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. "அப்ப சீரும் பெரியப்பனே கொண்டாரட்டும்" என்று சாமிக்கண்ணு சொல்லி அனுப்பினார். தாய்மாமன் மாலை எடுத்துத் தராமல் அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. அப்புறம் ஒருவர் வந்து போன மறுநாள் மற்றவர் வந்து, ஸ்கிரீனைப் பார்த்துப் பெயர்களை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, நாட்டாமைக்காரர், பங்காளிகள், படகுக் கூட்டாளிகள் எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்து, கடைசியில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். அதுவரை மூடாமல் திறந்தே வைத்திருந்த பக்கத்தைத் திலகவதி அன்றுதான் சேமித்தாள். அது போன வாரம்.

இன்று சாயங்காலம் பத்திரிகை கடலூர் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைக்க வேண்டும். பக்கிரி வந்து பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார். தன் பெயர் நகராமல் இருக்கிறதா என்று பார்க்க சாமிக்கண்ணுவும் வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, கொஞ்சம் தெறந்து காட்டு. அந்த ஆளும் பாத்துக்கட்டும்" என்றார் பக்கிரி.

"எந்த ஆளும்னு கேளு பாப்பா. பேரு இருக்குது."

திலகவதி 'சி'யைத் திறந்தாள். 'வருக! வருக! மஞ்சக்குப்பத்தில் நமது புதிய கிளைத் திறப்பு விழா' என்று வந்தது. நேற்று சபாபதி சொல்லச் சொல்ல அவளே அடித்த நோட்டீஸ். பொறுப்பாளர் என்று போட்டு, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இடம் விட்டிருந்தது.

அவள் அதை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் வருக வருக என்றது.

"தேடிப் பாக்கறேண்ணே" என்று விண்டோஸ் எஃப் தட்டினாள். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் நாய் வந்து உட்கார்ந்து வாலாட்டியது.

"நாயி எதுக்கு?" என்றார் சாமிக்கண்ணு.

"அதாண்ணே தேடும்."

"வாலாட்டுதே. கெடச்சிருச்சா?"

"தேடறப்பவே ஆட்டும்ணே."

"இந்தக் கடையில அது ஒண்ணுதான் வேலைக்காரன் மாரி இருக்குது" என்றார் பக்கிரி. இளவரசு மவுஸை உருட்டுவதை நிறுத்தினான்.

பைலின் பெயரைக் கொடுத்தால் 'சி' ஒன்றுதான் வரும். ஆகவே, பைலுக்குள் இருக்கும் வார்த்தையைக் கேட்கிற கட்டத்தில் திலகவதி 'சாமிக்கண்ணு' என்று அடித்து என்டர் தட்டினாள். நாய் தோண்டுவதுபோல் தோண்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. அவசரமாகத் திறந்தாள்.

கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது.

சாமிக்கண்ணு பெஞ்சிலிருந்து எக்கிப் பார்த்தார்.

"இது ஆரு?" என்றார் சாமிக்கண்ணு.

"வேற சாமிக்கண்ணுண்ணே. வடலூரு. இளவரசு அடிச்சது."

"நல்லாத்தான் அடிச்சிருக்காப்ல" என்றார் பக்கிரி.

"அவுர சிரிக்க வேணாம்னு சொல்லு பாப்பா."

கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் பார்த்தாள். ஒரு பைலின் மேல் இன்னொன்றை வைத்து அழித்தால் அது குப்பைக்குக்கூடப் போவதில்லை. பெயர்களின் வரிசை ஞாபகத்தில் இருக்கிறதா என்று யோசித்தாள். எந்த விரலால் எதைத் தட்டினாள் என்பது இருந்தது. எந்தப் பெயர் என்பது இல்லை. அவள் படித்திருந்தால்தானே.

"பத்திரிகை இல்லண்ணே" என்றாள்.

"இல்லன்னா?"

"அழிஞ்சிருச்சு."

பக்கிரி எழுந்தார். "அதான பாத்தேன். முந்தா நேத்து இந்த ஆளு சிதம்பரம் வந்துட்டுப் போனான்னு படகுத் தொறையிலேயே சொன்னாங்க. வந்து அழிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"நானா? நான் பல்லு புடுங்க வந்தேன், இந்தா பாரு ஓட்ட!" சாமிக்கண்ணு வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "எம் பேர மேல போட மனசில்லாம நீதான் அழிக்கச் சொல்லிருக்க. வேணாம். பேரும் வேணாம், மாலையும் வேணாம். ஒங் கல்யாணத்த நீயே நடத்திக்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பக்கிரி தடுக்கவில்லை.

திலகவதி இளவரசுவைப் பார்த்தாள். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கடை மேல் குற்றம் இல்லை, மஞ்சக்குப்பம் நோட்டீஸில் புள்ளி வைத்த இடம் அவளுக்காக அப்படியே இருக்கும். அந்தப் பெண்ணை அவள் ஒரு தடவை பார்த்திருந்தாள். ஸ்கிரீனில் தன் பெயரைக் கண்டதும் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்த பெண்.

"ஆரும் அழிக்கச் சொல்லல. நாந்தாண்ணே அழிச்சேன்" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். இருவருமே நம்பவில்லை.

"சம்பளத்துக்கு இருக்கற பொண்ணு. அவன் சொல்லிக் குடுத்தத சொல்லுது" என்றார் சாமிக்கண்ணு.

"நீ ஏம்மா அந்த ஆளக் காப்பாத்தற?" என்றார் பக்கிரி. "கம்ப்யூட்டர்ல வச்சது எப்படி அழியும்? அழியக் கூடாதுன்னுதான கம்ப்யூட்டர்ல வக்கிறாங்க?"

"இப்படித்தாண்ணே அழியும். இங்க வாங்க. ரெண்டு பேரும் வந்து பாருங்க."

இரண்டு பேரும் வந்து அவள் நாற்காலிக்கு இரு பக்கமும் நின்றார்கள். திலகவதி புதுப் பக்கம் ஒன்று திறந்தாள். மேலே பிள்ளையார் சுழி போட்டாள். கீழே 'பக்கிரி மாமா, சாமிக்கண்ணு மச்சான்' என்று அடித்தாள்.

"இப்ப இத சேவ் பண்றேன். கண்ட்ரோல் எஸ். என்டர். பாருங்க, பொட்டி கேக்குது. பழச அழிக்கட்டுமான்னு. நான் என்ன பண்ணுவேன்? ஒய்."

தட்டினாள்.

"இப்ப பழச தெறக்கறேன்."

திறந்தாள். பிள்ளையார் சுழியும் அதன் கீழே இரண்டு பெயரும் இருந்தன. வருக வருக இல்லை.

"மஞ்சக்குப்பம் எங்க?" என்றார் சாமிக்கண்ணு.

"போயிருச்சுண்ணே."

"அடிப்பாவி" என்றார் பக்கிரி. "இப்படியே தெனம் பண்ணிட்டிருந்தியா?"

"ஆமாண்ணே."

"கேக்கற பொட்டிய என்னான்னு படிக்க மாட்டியா?" என்றார் சாமிக்கண்ணு.

"படிச்சா லேட்டாவும்ணே."

"கேட்டீங்களா மாமா? படிச்சா லேட்டாவுமாம்."

"எனக்கும் காது இருக்குது மச்சான்."

சொன்னபிறகுதான் மாமா, மச்சான் என்று கூப்பிட்டுவிட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதை விழுங்கிக்கொள்வதற்காக இரண்டு பேரும் சேர்ந்து திலகவதியை இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார்கள். திட்டி முடித்து, பெஞ்சை அவள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"புதுப் பக்கத்துல அடி பாப்பா, நாங்க சொல்றோம். மொதல்ல நாட்டாமைக்காரரு" என்றார் பக்கிரி.

"அவுருக்கு முன்னாடி பெரியப்பா பேரப் போட்டுக்கங்க மாமா. வயசானவரு."

"அதெல்லாம் தாய்மாமனுக்குக் கீழதான். நீ சும்மா இரு."

பாதியில் சபாபதி வந்தார். வந்ததும் நோட்டீஸைக் கேட்டார். திலகவதி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். பாக்கியைப் பக்கிரியும் சாமிக்கண்ணுவும் மாறி மாறிச் சொன்னார்கள். அவளைச் செய்தும் காட்டச் சொல்ல இருந்தார்கள், சபாபதி வேண்டாமென்றார். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கிரீனில் பிள்ளையார் சுழி போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"திலகா."

"சார்."

"மஞ்சக்குப்பத்துக்கு நீயே போ."

அவள் மேசை ஓரத்து மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இங்க எட்டு வருசத்துப் பைலு இருக்குது. இதுங்களாவது பொழச்சுக் கெடக்கட்டும். அங்க புது மிஷினு. அழிக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது."

"சரி சார்" என்றாள் திலகவதி.

உட்கார்ந்து கடைசிப் பெயரை அடித்தாள். கண்ட்ரோல் எஸ், என்டர் தட்டினாள். பெட்டி வந்தது. முதல் தடவையாக அதை முழுதாகப் படித்தாள். பக்கிரியும் சாமிக்கண்ணுவும் அவளுக்குப் பின்னால் நின்று, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், அவளோடு சேர்ந்து படித்தார்கள்.